நாத்தனாரின் லைசென்ஸ்

என் நாத்தனாரின் கைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். சீப்பு இருக்காது, கண்ணாடி இருக்காது. மஞ்சள் பிடி போட்ட டெஸ்டரும், கறுப்பு இன்சுலேஷன் டேப்பும், பாதி தேய்ந்த பென்சிலும் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் அவள் கண் சுவிட்ச் போர்டுக்குத்தான் போகும். நான் மருமகளாக அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், எங்கள் அறை மின்விசிறி லேசாக முனகுகிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் அது அப்படித்தான் என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் இவள் ஏணியோடு நிற்கிறாள். கம்பெனி ஆட்கள் எல்லாரும், அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட, அவளை டெஸ்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கிண்டலாக ஆரம்பித்த பெயர், போகப்போக மரியாதையாகிவிட்டது.

கம்பெனி என் மாமனார் ஆரம்பித்தது. வீடு, கடை, ஆஸ்பத்திரி என்று கட்டடங்களுக்கு வயரிங் செய்து கொடுக்கிற வேலை. பன்னிரண்டு ஆட்கள். வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகள்தான் ஆபீஸ். மாமனாரிடம் அரசாங்கம் கொடுத்த ஒப்பந்ததாரர் லைசென்ஸ் இருந்தது. அவர் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட அறிக்கை போனால்தான் புதுக் கட்டடத்துக்குக் கரண்ட் கொடுப்பார்கள். மகனையும் மகளையும் ஒரே டிப்ளமோ படிக்கவைத்தார். மகனுக்கு நாலு பேரிடம் பேசி வேலை பிடிக்கிற சாமர்த்தியம் இருந்தது. அவர் ஆபீஸில் உட்கார்ந்தார். மகளுக்கு வேலையில் கண் இருந்தது; அவள் சைட்டில் நின்றாள். மாமனார் அவளைச் சும்மா நிற்கவைக்கவில்லை. சூப்பர்வைசர் என்று பதிவேட்டில் பெயர் எழுதி, மாதாமாதம் சம்பளக் கையெழுத்தும் வாங்கினார். வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு இந்த வேஷமெல்லாம் என்று என் வீட்டுக்காரர் கேட்பார். மாமனார் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஒரு மத்தியானம் மூச்சு வாங்குகிறது என்று மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை.

வீடும் ஆபீஸும் போல லைசென்ஸும் தானாகத் தன் பெயருக்கு வந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் நினைத்திருந்தார். இறப்புச் சான்றிதழோடு லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போனவரிடம் அங்கிருந்த கிளார்க், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "உங்கப்பா டாக்டரா இருந்திருந்தா, அவர் போன மறுநாள் நீங்க ஊசி போடுவீங்களா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிப் பொருமினார். ஆள் போனால் லைசென்ஸும் போய்விடும். கையில் இருக்கிற வேலையை முடிக்க இரண்டு வருடம் தருவார்கள். அதற்குள் வேறு யாராவது பரீட்சை எழுதித் தேறி, சொந்தமாக லைசென்ஸ் வாங்க வேண்டும்.

என் வீட்டுக்காரரே எழுதினார். முதல் தடவை தேறவில்லை. கேள்வித்தாளே சரியில்லை என்றார். இரண்டாவது தடவையும் தேறவில்லை. திருத்தியவன் சரியில்லை என்றார். மூன்றாவது தடவையும் தவறினால் கெடு முடிந்துவிடும் போலிருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக வேறு கம்பெனிகளில் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

அவளை எழுதவைத்தால் என்ன என்று முதலில் சொன்னது நான்தான். இதை நான் மறைத்துப் பிரயோஜனமில்லை. சோறு பரிமாறிக்கொண்டே சொன்னேன். அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்புறம், அதுவும் சரிதான் என்றார்.

அவளிடம் அவர் பேசியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். லைசென்ஸ் வந்ததும் கம்பெனியில் அவளுக்குப் பாதி என்றார். வாசல் பலகையில் இரண்டு பேர் பெயரையும் போடலாம் என்றார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பாதியைப் பற்றி ஒன்றும் கேட்காமல் ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"நான் நேர்ல பாக்காத வேலைக்கு என் கையெழுத்து வராதுண்ணா. அத மட்டும் இப்பவே சொல்லிடறேன்."

"அதுக்கென்ன, நீதான பாக்கப் போற" என்றார் அவர்.

ஒரு லைசென்ஸ் வாங்க எத்தனை காகிதம் வேண்டும் என்று அந்த எட்டு மாதத்தில் தெரிந்துகொண்டேன். படிப்புச் சான்றிதழ், அனுபவச் சான்றிதழ், ஆபீஸ் இடத்துக்கான அத்தாட்சி எல்லாம் கேட்டார்கள். வயர்களைச் சோதிக்கிற மெகர், பூமி இணைப்பைச் சோதிக்கிற எர்த் டெஸ்டர் இரண்டும் சொந்தமாக இருக்க வேண்டும்; அவை சரியாகக் காட்டுகின்றன என்று ஒரு சோதனைக்கூடம் எழுதித் தர வேண்டும். புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். விண்ணப்பத்தில் தந்தை பெயர் கேட்ட இடத்துக்கு எதிரே கணவர் பெயர் என்றும் ஒரு கட்டம் இருந்தது. அதை ஏன் காலியாக விட்டாய் என்று இன்னொரு தடவை திருப்பினார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் துணைக்கு என்னைக் கூட்டிப்போனாள். அந்த அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து, எந்த இடத்தில் ஆணி தூக்கிக்கொண்டிருக்கிறது என்பதுவரை எனக்கு அத்துப்படி.

எழுத்துப் பரீட்சையில் முதல் தடவையே தேறிவிட்டாள். நேர்முகத் தேர்வன்று அந்தக் கதவு சரியாகச் சாத்தாததால், வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. மூன்று அதிகாரிகள். ஒருவர், கல்யாணம் ஆகிவிட்டால் லைசென்ஸை என்ன செய்வாய் என்று கேட்டார். வீடு மாறினால் முகவரியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுப்பேன் என்றாள். கேட்டவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இன்னொருவர், வயதானவர், புத்தகத்தில் இருப்பதை ஒப்பிக்காமல் சொல், ஒரு கட்டடத்துக்கு எர்த் எதற்கு என்றார்.

"எங்கயாவது பழுதாகிக் கரண்ட் கசிஞ்சா அது போறதுக்கு ஒரு வழி வேணும் சார். மண்ணுக்குள்ள நாம வழி போட்டுக் குடுத்தா அதுல போயிடும். போடலைன்னா, யாரு தொடறாங்களோ அவங்க வழியா போகும்."

பிறகு அந்த வயதானவர் அவளைப் போகச் சொன்னார். வெளியே வந்தவள், தண்ணி இருக்கா அண்ணி என்று கேட்டு, பாட்டிலை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

லைசென்ஸ் வந்த அன்று அவள் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஒரு தடித்த காகிதம். மேலே முத்திரை, மூலையில் காது தெரிகிற புகைப்படம். ஆட்கள் அதை ஆளுக்கொரு தடவை கையில் வாங்கிப் பார்த்தார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, தன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டிவிட்டார். வருகிறவர்கள் கண்ணுக்கு முதலில் அவர் முகம் தெரியும், அவர் தலைக்கு மேலே லைசென்ஸ் தெரியும். அதில் யார் படம் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. புதிதாக அடித்த விசிட்டிங் கார்டில் அவர் பெயரின் கீழே ‘அரசு லைசென்ஸ் பெற்ற ஒப்பந்ததாரர்கள்’ என்று இருந்தது. அவள் பெயர் இல்லை. வாசல் பலகையை அடுத்த மாதம் மாற்றலாம் என்றார். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை.

அவள் அதையெல்லாம் பெரிதுபடுத்தவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். காலையில் ஏழரைக்குக் கிளம்பினால் சைட்டில்தான் இருப்பாள். ஒரு மருந்துக்கடையில் சுவருக்குள் போட்ட வயர் சொன்ன அளவைவிட மெலிசாக இருந்தது என்று மொத்தத்தையும் உருவச் சொன்னாள். ஒரு வீட்டில் மெயின் போர்டைக் குளியலறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள் என்று கழற்றி வேறு இடத்தில் வைக்கச் சொன்னாள். கட்டட முதலாளிகள் என் வீட்டுக்காரரிடம் வந்து, உங்க தங்கச்சி கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குறாங்களே என்று சிரித்துக்கொண்டே குறைப்படுவார்கள். அவர்கள் போனதும் இவர் அவளைப் பிடித்துக்கொள்வார். நீ கையெழுத்துப் போடுவதற்காகத்தான், ஆராய்ச்சி பண்ணுவதற்கு இல்லை என்று ஒருநாள் நேரடியாகவே சொல்லிவிட்டார். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சரிண்ணா என்று சொல்லிக்கொண்டு மறுபடி சைட்டுக்குப் போனாள்.

இரண்டாவது வருடம், வேலைக்குப் போகும் பெண்கள் தங்குவதற்காக ஒருவர் மூன்று மாடி ஹாஸ்டல் கட்டினார். முப்பத்திரண்டு அறைகள், அறைக்கு இரண்டு பேர். ஒவ்வொரு குளியலறையிலும் வாட்டர் ஹீட்டர். எங்கள் கம்பெனிக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை அதுதான். வரைபடத்தை அவளே போட்டாள். பின்பக்கத்தில் இரண்டு எர்த் குழிகள். ஆளுயரத்துக்கு மேல் ஆழம் தோண்டி, பைப்பை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே இரும்பு மூடி வைக்க வேண்டும். அங்கிருந்து பட்டையாக ஒரு கம்பி ஏறி ஒவ்வொரு மாடிக்கும் போக வேண்டும்.

வேலை முக்கால்வாசி முடிந்த சமயத்தில் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். படுத்த இடத்திலிருந்தே, ஹாஸ்டல் எந்த மட்டில் இருக்கிறது, குழி தோண்டியாயிற்றா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். நடக்கிறது, நடக்கிறது என்பார் இவர்.

ஒரு மத்தியானம் அவர் ஃபைலோடு சமையலறைக்கு வந்தார். ஹாஸ்டல் திறப்பு நாள் குறித்தாகிவிட்டது, அறிக்கை இன்றைக்குப் போனால்தான் அதற்குள் கரண்ட் கிடைக்கும் என்றார். பக்கத்து அறையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அவள எழுப்பிக் கேட்டா இப்பவே சைட்டுக்குப் போறேன்னு நிப்பா. உடம்பு தாங்காது. அவ கையெழுத்துதான் உனக்குத் தெரியுமே. நீ போட்டுடு."

ஃபைல்களை அடுக்கி வைப்பது என் வேலை. அவள் கையெழுத்தை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். அவள் உடம்புக்காகத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு, காய் நறுக்கிய பலகையைத் தள்ளிவைத்துவிட்டு, நாலு இடத்தில் அவள் பெயரை எழுதினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மின் அலுவலகத்திலிருந்து வந்தவர் பின்பக்கம் எட்டிப்பார்த்து, இரண்டு மூடிகள் இருப்பதைக் குறித்துக்கொண்டு போனாராம். ஹாஸ்டலுக்குக் கரண்ட் வந்தது.

ஆறு வாரம் கழித்து, டாக்டர் வெளியே போகலாம் என்று சொன்ன மறுநாள், அவள் முதலில் போனது அங்கேதான். சாயங்காலம் திரும்பி வந்தபோது முழங்கைவரை மணல் ஒட்டியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆபீஸுக்குள் போனாள். நான் டீயோடு பின்னாலேயே போனேன்.

"அண்ணா, ஹாஸ்டல்ல எர்த் குழி எங்க?"

"பின்னாடி மூடி போட்டிருக்குல்ல."

"மூடி இருக்கு. குழி எங்க?"

அவர் முதலில் பிடிகொடுக்கவில்லை. அப்புறம், கீழே பாறை வந்துவிட்டது, உடைக்கிற மெஷின் கிடைக்கவில்லை, திறப்பு நாள் நெருங்கிவிட்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. முழங்கால் ஆழத்துக்கு மணலைப் போட்டு நிரப்பி, மேலே மூடியை வைத்திருக்கிறார்கள். மாடிகளுக்குப் போகிற கம்பி மணலுக்குள் ஒரு சாண் நீளத்துக்குச் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. பிறகு ஆள் விட்டுச் செய்துகொள்ளலாம் என்று இருந்தாராம்.

"ஆறு வாரமா ஓடுது. யாருக்கு என்ன ஆயிடுச்சு இப்ப?" என்றார்.

"அறுபத்து நாலு பேர் தெனம் அதுல குளிக்கறாங்க" என்றாள்.

பிறகு அலமாரியைத் திறந்து அந்த ஃபைலை எடுத்தாள். அறிக்கையின் பக்கங்களை மெதுவாகப் புரட்டினாள். அவர் கையெழுத்தா, வேறு யாருடையதா என்று அவரிடம் கேட்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நான் கடைசி எழுத்துல சுழி போட மாட்டேன் அண்ணி. நீங்க நாலு எடத்துலயும் போட்டிருக்கீங்க."

டீ டம்ளர்களைக் கீழே வைக்கவும் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். உன் உடம்புக்காகத்தான் என்றோ, அவர் சொன்னார் என்றோ. அவள் திட்டவில்லை. ஃபைலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனாள்.

அன்றைக்கே மறுபடி ஹாஸ்டலுக்குப் போய், ஹீட்டர்களுக்கான ஃப்யூஸ்களை எல்லாம் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் காலையில் வார்டன் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து கத்தினார். உங்க சூப்பர்வைசர் பொண்ணு எங்க ஆளுங்கள எல்லாம் பச்சைத் தண்ணியில குளிக்கவைக்குது, அந்தப் பொண்ண முதல்ல வேலையை விட்டு எடுங்க என்றார். லைசென்ஸ் அந்தப் பெண்ணுடையது என்பது வார்டனுக்குத் தெரியாது. தெரியாதபடிதான் எல்லாம் நடந்திருந்தது.

பழைய ஆட்களில் இரண்டு பேர் கூப்பிடாமலே அவளோடு போனார்கள். மெஷினை அவளே வாடகைக்கு எடுத்துவந்தாள். மூன்று நாள் பாறையை உடைத்தார்கள். நான் இரண்டாம் நாள் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். காமாலையில் உருகிப்போன உடம்போடு, முகமெல்லாம் கல்தூசியாக, குழிக்குள் இறங்கிக் கரியைக் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டை அங்கே வைங்க அண்ணி என்றாள். மேலே ஏறி வரவில்லை. மூன்றாம் நாள் எர்த் டெஸ்டரை வைத்துப் பார்த்து முள் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, முப்பத்திரண்டு குளியலறைகளிலும் ஒவ்வொன்றாக இணைப்பைச் சோதித்துவிட்டு ஃப்யூஸ்களைத் திருப்பி மாட்டினாளாம். தண்ணீர் சூடாகிவிட்டதா என்று மட்டும் கேட்டாராம் வார்டன்.

அன்று சாயங்காலம் அவள் அண்ணனிடம் கடைசியாக ஒன்று கேட்டாள். இனிமேல் அறிக்கைத் தாள்கள் எல்லாம் தன் அலமாரியில் இருக்க வேண்டும், சாவி தன்னிடம் இருக்க வேண்டும், தான் பார்க்காமல் ஒன்றும் வெளியே போகக் கூடாது, இதை எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நான் என்ன உன்கிட்ட வேலை பார்க்கிறவனா என்றார். அவள் அதற்கு மேல் கெஞ்சவில்லை.

மறுநாள் காலையில் என்னிடம் வந்து, லைசென்ஸ் ஆபீஸ் வரைக்கும் வாங்க அண்ணி என்றாள். நாலு வயதுப் பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகும்போது, திரும்பி வருவேனா என்றுகூட நினைத்தேன். பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மடியில் சுவரிலிருந்து கழற்றிய சட்டம் இருந்தது.

அதே கிளார்க்தான் இருந்தார். ஹாஸ்டல் என்று சொல்லாமல், யார் என்று சொல்லாமல், தன் பெயரில் தான் போடாத கையெழுத்து ஒன்று போயிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அந்த வேலையைத் தான் நேரில் போய்ச் சரிசெய்துவிட்டதாகவும், இன்னொரு தடவை அப்படி நடக்காமல் இருக்க என்ன வழி என்றும் கேட்டாள். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, புகார் எழுதிக் கொடுப்பது. போலீஸ் வரும், கையெழுத்து நிபுணர் வருவார், போட்டவர் உள்ளே போவார். இன்னொன்று, லைசென்ஸைத் திருப்பி ஒப்படைப்பது. அதற்கப்புறம் அந்தப் பெயரில் எந்த அறிக்கையும் செல்லாது.

"போட்டது யாருன்னு தெரியுமாம்மா?"

"தெரியாது சார்" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்த குரலில், கஷ்டப்பட்டு வாங்கினதும்மா, யோசிச்சுப் பண்ணுங்க என்றார். நடந்துகொண்டிருக்கிற வேலைகளை வைத்துக்கொண்டு ஒப்படைத்தால் ஐந்து வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. பிறகும் முதலிலிருந்து எல்லாம் செய்ய வேண்டும். ஆனால், இதுவரை கையெழுத்தான கட்டடங்களுக்கு என்ன நேர்ந்தாலும் பொறுப்பு அவளுடையதுதான். அவள் ஒரு தாள் வாங்கி எழுத ஆரம்பித்தாள். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. ‘சொந்தக் காரணம்’ என்று போடுங்கள், வேறு எதைப் போட்டாலும் விசாரணை வரும் என்றார் அவர். அப்படியே எழுதினாள். சட்டத்தின் பின்பக்க ஆணிகளைத் தன் டெஸ்டராலேயே நெம்பி, காகிதத்தை உருவி எடுத்துக் கொடுத்தாள். அவர் அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவிட்டு ரசீது கொடுத்தார்.

வெளியே வந்ததும் நான் அழுதேன். அவள் அழவில்லை. நீங்க பஸ் ஏறிப் போங்க, பாப்பா தேடும் என்றாள். ஒரு வாரத்தில் வீட்டைவிட்டுப் போய், ஊரின் இன்னொரு கோடியில் வாடகைக்கு ஒரு அறை பார்த்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் போவோர் வருவோரிடமெல்லாம் கூடப்பிறந்தவளே குழி பறித்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒருநாள் ஆபீஸில் அப்படிச் சொன்னபோது, அவளோடு பாறை உடைக்கப் போன பெரியவர், "ஆமாங்க. நீங்க பறிக்காததத்தான அவங்க பறிச்சாங்க" என்று சொல்லிவிட்டு, சாமான் பையை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் அவர் வரவில்லை. மற்றபடி கம்பெனிக்கு ஒரு குறையும் இல்லை. மூன்றே வாரத்தில் அதே ஆணியில் வேறொரு லைசென்ஸ் தொங்கியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வருடத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு கொடுத்தது. மாதம் ஒரு தடவை வருவார். என்ன வேலை, எந்த இடம் என்று எதுவும் எழுதாத அறிக்கைத் தாள்களில் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார். பிஸ்கட் சாப்பிட்டு டீ குடித்துவிட்டு, என் பெண்ணிடம் எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போவார். அந்தத் தாள்களை அலமாரியில் வைப்பது என் வேலை. யாரும் யார் கையெழுத்தையும் போட வேண்டியதில்லை. எல்லாம் ஒழுங்கு முறையாக நடக்கிறது. இப்போது எங்களுக்கு இருபத்தைந்து ஆட்கள்.

அவள் வேறொரு ஒப்பந்ததாரரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்தாள். அவருக்குக் கீழே, அவர் லைசென்ஸில், அவர் கையெழுத்துக்காக வேலை. ஐந்து வருடம் முடிந்ததும் மறுபடி விண்ணப்பிக்கப் போனாள். விதி இப்போது மாறியிருந்தது. முன்பு வேலை பார்த்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் அனுபவக் கடிதம் வேண்டும் என்றார்கள். எங்கள் கம்பெனியில் அவள் வேலை பார்த்தது ஒன்பது வருடம். அண்ணனுக்குப் பதிவுத் தபாலில் எழுதிக் கேட்டாள். அவர் அதைப் படித்துவிட்டு மேஜை இழுப்பறைக்குள் போட்டார். இரண்டாவது தடவை எழுதினாள். அதுவும் அங்கேயே போயிற்று.

என்னால் தாங்க முடியவில்லை. அவர் வெளியூர் போயிருந்த ஒருநாள், கம்பெனித் தாளில் நானே அந்தக் கடிதத்தை டைப் செய்தேன். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை வேலை பார்த்தாள், என்னென்ன கட்டடங்கள், எவ்வளவு நேர்மையாகச் செய்தாள் என்று எல்லாம் எழுதினேன். கீழே என் வீட்டுக்காரரின் கையெழுத்தைப் போட்டேன். அவர் கையெழுத்து இன்னும் சுலபம்.

அவள் வேலை பார்க்கிற கட்டடத்தைத் தேடிப் பிடித்து மூன்றாவது மாடிக்கு ஏறிப் போனேன். கைப்பிடி வைக்காத படிகள். சுவரில் பைப் பதிப்பதற்குச் சுண்ணாம்பால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். முடியில் நரை தெரிந்தது. என்னைப் பார்த்ததும் வாங்க அண்ணி என்றாள். கையைத் தட்டிவிட்டுக் கடிதத்தை வாங்கி, நின்றபடியே முழுக்கப் படித்தாள்.

"அண்ணன் போட்டாரா?"

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க அண்ணி" என்று சொல்லி, பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டினாள்.

"இதுல ஒண்ணும் பொய் இல்லையே" என்றேன்.

"கீழ இருக்கு" என்றாள்.

கடிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அவளே பேச்சை மாற்றி, பாப்பா எப்படி இருக்கிறாள், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் விசாரித்தாள். ஆளிடம் சொல்லி டீ வாங்கிவரச் சொன்னாள். நான் குடிக்கும்வரை பக்கத்தில் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தாள். பிறகு படியில் பார்த்து இறங்க வேண்டும் என்று சொல்லி, கீழ்த் தளம்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தாள். தெருவில் இறங்கிய பிறகு நான் திரும்பிப் பார்த்தேன். அவள் அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தாள்.

அந்த வருடம் விண்ணப்பத்துக்கான தேதி முடிந்துவிட்டது. அடுத்த வருடமும் அவள் அண்ணனுக்கு எழுதிக் கேட்டாள். அதற்கடுத்த வருடம் எழுதவில்லை.